ஏற்காட்டு மலை லைனுக்கு எது பொருந்தும்: ஃபியூஸா, ரீக்ளோசரா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. காப்பிக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக்கொடி, அதற்கு நடுவே 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன். சித்திரையில் கோடை மழை காற்றோடு வந்தால் ஒரு கிளை கம்பியில் உரசும், பொறி பறக்கும், கிளை கீழே விழுந்துவிடும். பழுது அதோடு தீர்ந்தது. மேல்நிலைக் கம்பிகளில் வரும் பழுதுகளில் நூற்றுக்கு 70, 80 இப்படித் தானாகவே விலகிப் போகிறவை. ஃபியூஸையும், லைனைத் திறந்து தானே மறுபடி மூடிப் பார்க்கும் சுவிட்சான ரீக்ளோசரையும் எடைபோட இதுதான் தராசு.

தானாக விலகும் பழுது, நிலைத்து நிற்கும் பழுது என்ற பேதம் ஃபியூஸுக்குத் தெரியாது. கிளை அரை நொடி பட்டாலும் உருகும், உருகினால் ஆள் வந்தாக வேண்டும். நாகலூர் பக்கம் ராத்திரி 9 மணிக்கு ஃபியூஸ் போனால், மழையில் ஒருவர் டார்ச்சோடு எஸ்டேட் பாதையில் நடக்க வேண்டும். ஆனால் டிராப் அவுட் ஃபியூஸில் ஒரு நன்மை உண்டு: உருகியதும் குழல் கீழே தொங்கும், டார்ச் அடித்தால் தூரத்திலிருந்தே தெரியும். பேட்டரி, சிக்னல் எதுவும் வேண்டாம், விலையும் குறைவு.

எச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸில் நான் கண்ட கோளாறு வேறு. இரண்டு கொம்புகளுக்கு நடுவே சரியான அளவுக் கம்பிக்குப் பதில் அலுமினிய இழை இரண்டை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். மழையில் கம்பத்தின் மேல் நின்றவர் கையில் அதுதான் இருந்தது. அடுத்த பழுதில் அது உருகவில்லை. சப்ஸ்டேஷன் பிரேக்கர் டிரிப் ஆகி, அங்கிருந்து வரும் லைன் முழுதும், அதாவது மொத்த ஃபீடரும் இருண்டது. லைனை நடந்து பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

ரீக்ளோசர் இங்கேதான் கைகொடுக்கிறது. பழுது வந்ததும் வேகமாகத் திறக்கும், சில நொடி பொறுத்துத் தானே மூடிப் பார்க்கும். கிளை விழுந்திருந்தால் கரண்ட் மறுபடி வந்துவிடும், வீட்டில் விளக்கு ஒரு தடவை சிமிட்டியதோடு சரி. பழுது இன்னும் இருந்தால் அடுத்த முறை மெதுவாகத் திறக்கும். அந்த அவகாசத்தில், மெயின் லைனிலிருந்து பிரியும் கிளை லைனின் ஃபியூஸ் உருகிப் பழுதான பகுதியை மட்டும் வெட்டிவிடும். பழுது மெயின் லைனிலேயே என்றால், வைத்த எண்ணிக்கை முடிந்ததும் லாக் அவுட் ஆகிவிடும், பிறகு தானாக மூடாது. இப்படிச் செய்தால் முதல் தடவையில் ஃபியூஸ் தப்பிக்கிறது, மலையில் ஒருவருடைய நடை மிச்சமாகிறது.

இதையே சேலத்தில் தறிகள் நிறைந்த அம்மாப்பேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒரு சிமிட்டல் போதும், விசைத்தறி அத்தனையும் நின்று நூல் அறும். ஒரு கிளை லைனின் ஃபியூஸ் போகட்டும், மற்றவர்கள் தறி ஓடட்டும் என்பதுதான் அங்கே நியாயம். நிலத்தடி கேபிள் உள்ள தெருக்களில் ரீக்ளோஸே கூடாது. கேபிள் பழுது தானாக ஆறாது. மறுபடி மூடினால் வெந்த இடம் இன்னும் வேகும்.

மலையிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. கம்பி அறுந்து காய்ந்த பாறை மேல் விழுந்தால் பூமிக்குப் போகும் கரண்ட் மிகக் குறைவு. ஃபியூஸ் உருகாது, பூமிக்குக் கசியும் கரண்டைக் கவனிக்கும் சாதாரண எர்த் ஃபால்ட் ரிலேவும் கண்டுகொள்ளாமல் போகலாம். ரீக்ளோசர் திறந்தாலும், மறுபடி மூடும்போது அதே கம்பிக்கு உயிர் வருகிறது. காலையில் மிளகு பறிக்க வருகிறவர் அதை மிதித்தால்? அதனால் உணர்திறன் கூடிய எர்த் ஃபால்ட் பாதுகாப்பு இல்லாத ரீக்ளோசரை மலையில் மாட்டவே கூடாது. அந்தப் பழுதில் திறந்தால் மறுபடி மூடாதபடியும் வைக்க வேண்டும்.

உறையிட்ட கம்பியோ, உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிய ஏரியல் பஞ்ச்டு கேபிளோ போட்டால் இந்தத் தொல்லையில் பாதி வேரிலேயே குறையும். செலவும் எடையும்தான் தடை. மரம் நெருங்கிய இடங்களுக்காவது போடலாம்.

என் கணக்கில் ஏற்காட்டுக்கு: மெயின் லைன் நடுவே ஒரு ரீக்ளோசர், கிளை லைன்களில் டிராப் அவுட் ஃபியூஸ், பிரியும் இடங்களில் பழுது காட்டும் விளக்கு. மாசி முதல் கோடை மழை விழும்வரை சருகு தீப்பிடிக்கும் காலம், அப்போது ரீக்ளோஸை நிறுத்திவைக்க வேண்டும். லைனில் ஆள் ஏறும் ஒவ்வொரு முறையும் லைன் க்ளியரும் (கரண்டை நிறுத்தி வாங்கும் அனுமதி) எர்த் ராடும் (கம்பியைப் பூமியோடு இணைக்கும் தடி) கட்டாயம். ரீக்ளோசர் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியை மழைக்கு முன்பே ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பேட்டரி செத்த ரீக்ளோசர் பழுது வரும் நேரத்தில் திறக்காமல் போகலாம்.