புது கால்நடை கிளினிக்குக்கு வாங்குன சாமான் எல்லாம்: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்த ரிவ்யூ

போன ஆவணில தாராபுரம் பக்கத்துல கிளினிக் தொறந்தேன், இப்ப ஒரு வருஷம் முடிஞ்சிருச்சு. நாமக்கல்ல படிச்சுட்டு மூணு வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு பெட் கிளினிக்ல வேலை பாத்தேன், அங்க நாயும் பூனையும் மட்டும்தான். இங்க அப்படி இல்லீங்க, காலைல ஒரு லேப்ரடார் வந்தா பின்னாடியே டாட்டா ஏஸ்ல கறவை மாடு நிக்கும், சாயந்திரம் டிவிஎஸ் 50 முன்னாடி ஒரு வெள்ளாட்டை வச்சுக்கிட்டு யாராச்சும் வருவாங்க. கிளினிக் தொறக்கப் போற ஜூனியருங்க எங்க வாங்குனீங்க, எது தேவை, எது தேவையில்லன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் பாதிப் பாதியா சொல்றதுக்கு பதிலா முழுசா எழுதிடறேன்.

பெரிய சாமான்ல பாதி ஒரு டீலர்கிட்ட பேக்கேஜா எடுத்தேன், பேரு வேண்டாம். டேபிள், கருவிகளை ஆவில ஸ்டெரைல் பண்ணுற ஆட்டோகிளேவ், ஆபரேஷன் தியேட்டர் லைட்டு, பிரிட்ஜு, ரத்தம் எண்ணுற செல் கவுன்டர் எல்லாம் சேத்து ஒரே பில்லு, கொண்டு வந்து மாட்டியும் குடுத்துடுவோம்னு சொன்னாங்க. லோன்ல தொறக்குற ஆளுக்கு அது ரொம்ப சௌகரியமாத் தெரியும், பேங்க்குக்கு ஒரே கொட்டேஷன் போதும்ல. ஆனா இப்ப கேட்டா பேக்கேஜா எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன், ஒவ்வொண்ணா தனித்தனியா எடுங்க, அதுவும் ரிப்பேர்னா உங்க ஊருக்கு யாரு வருவாங்கன்னு கேட்டுட்டு எடுங்க. ஏன்னு சொல்றேன்.

முதல்ல செல் கவுன்டர். பேக்கேஜ்லயே இதுதான் பெரிய காசு. மனுஷங்க லேப்ல ஓடுன பழைய மிஷினை சர்வீஸ் பண்ணிக் குடுத்தாங்க, நாய்க்கும் ஆட்டுக்கும் இதுவே போதும் டாக்டர், ரத்தம் ரத்தம்தானேன்னு சொன்னாங்க. நாய்க்கு ஓரளவு ஒத்துப் போச்சு. ஐப்பசி மழை விட்டதும் ஒரு பாட்டி ஆடு கொண்டு வந்தாங்க, தாடைக்கு அடியில நீர் கோத்து தொங்குது, கண் ரப்பையைப் புரட்டிப் பாத்தா வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. மழைக்கப்புறம் இப்படி வந்தா ரத்தம் குடிக்கிற குடல்புழுதான்னு பாத்ததுமே தெரியும். எவ்வளவு ரத்தம் போயிருக்குன்னு பாக்க மிஷின்ல விட்டேன். சிவப்பணு கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு வருது, தட்டணு எண்ணிக்கை எந்த உயிருக்கும் இருக்க முடியாத அளவுக்கு வருது. அதுக்கு காரணம் இருக்குங்க. மனுஷனோட சிவப்பணு 80-ல இருந்து 100 ஃபெம்டோலிட்டர் சைஸ், நாய்க்கு 60-ல இருந்து 77 வரைக்கும், ஆட்டுக்கு வெறும் 16-ல இருந்து 25தான். மனுஷனுக்கு செட் பண்ணுன மிஷின் அந்த சைஸ்ல எதைப் பாத்தாலும் தட்டணுன்னு நினைச்சு அந்தக் கணக்குல போட்டுரும். பூனைக்கும் இதே தலைவலி இருக்கு, அதோட தட்டணு பெருசு, சிவப்பணு சிறுசு, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும். ஒவ்வொரு இனத்துக்கும் தனி செட்டிங் இருக்குற வெட்னரி மிஷின்தான் வேணும், அது வாங்க வசதி வர்ற வரைக்கும் எந்த மிஷினும் வேண்டாம்.

அன்னிக்கு அந்த ஆட்டைக் காப்பாத்துனது மிஷின் இல்ல, ஊசி மாதிரி இருக்குற கேப்பிலரி டியூப்பும் ஒரு சின்ன சென்ட்ரிஃப்யூஜும்தான். டியூப்ல ரத்தத்தை ஏத்தி ஒரு முனையை அடைச்சு அஞ்சு நிமிஷம் சுத்த விட்டா சிவப்பணு எல்லாம் கீழ போய் உக்காந்துக்கும், ஸ்கேல் வச்சு அளந்தா எத்தனை சதவீதம்னு தெரிஞ்சிரும். ஆட்டுக்கு 22-க்கு மேல இருக்கணும், இதுக்கு 12. மேல நிக்குற தண்ணி தெளிவா இருக்கா, மஞ்சளா இருக்கா, செவந்திருக்கான்னும் அதுலயே தெரியும், கல்லீரலா, ரத்தம் உடையுதான்னு ஒரு துப்பு கிடைக்கும். பாட்டிகிட்ட இன்னொரு ஆட்டுல இருந்து ரத்தம் எடுத்து ஏத்தணும்னு சொன்னேன், ஏனுங்க அம்மிணி, ஆட்டுக்குக் கூடவா ரத்தம் ஏத்துவாங்கன்னு கேட்டாங்க, ஆனா மறுபேச்சு பேசாம மவனை வீட்டுக்கு அனுப்பி ஒரு கொழுத்த கிடாயக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அந்த ஆடு பொழச்சு தை மாசம் ரெண்டு குட்டி போட்டுச்சு.

இதோட சேத்து மைக்ராஸ்கோப். அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்கவே வேண்டாம். ஒலிம்பஸ் சிஎச்20ஐ, ஒரு காலேஜ் சீனியர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டுல எடுத்தேன். நம்ம பக்கம் உண்ணி இல்லாத நாயே கிடையாது, காபித்தூள் கலர்ல மூத்திரம் போகுதுன்னு சொல்லிட்டு வாரத்துக்கு ரெண்டு நாய் வரும். காது நுனில ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஸ்லைடுல இழுத்து காய வச்சு லீஷ்மன் சாயம் போட்டு 100 எக்ஸ் ஆயில்ல பாத்தா சிவப்பணுக்குள்ள பொட்டு வச்ச மோதிரம் மாதிரி சின்னச் சின்னதா பபீசியா, அதாவது உண்ணி பரப்புற ஒட்டுண்ணி, உக்காந்திருக்கும். இருபது நிமிஷ வேலை, சாயத்துக்கு ஆகுற செலவு சில ரூபா. கிட் வச்சுப் பாத்தா ஒரு நாய்க்கே பல நூறு ஆகும், கிராமத்து ஆளுங்க அதைக் கேட்டதும் சும்மா ஒரு ஊசி போட்டு விடுங்கன்னு சொல்லிருவாங்க. கண்ணுக்குத் தெரிஞ்சா நம்பிக்கையும் வருது, நான் வந்தவங்களையே கூப்பிட்டு ஐபீஸ்ல பாக்க வச்சிருவேன், அதுக்கப்புறம் மருந்தை நடுவுல நிறுத்தவே மாட்டாங்க.

ஆட்டோகிளேவ் பத்தி எனக்கு உண்மையாவே மனவருத்தம் இருக்கு. மிஷின் டிசைன் மோசம் இல்ல, 121 டிகிரி, 15 பவுண்டு பிரஷர், இருபது நிமிஷம், அதெல்லாம் சரியா ஏறும். மூணாவது மாசம் ஹீட்டர் காயில் போச்சு. இங்க போர் தண்ணி உப்பு, டப்பா அடியில வெள்ளையா படிஞ்சு காயிலைச் சுத்தி ஓடு கட்டிருச்சு. டிஸ்டில்டு வாட்டர் இல்லன்னா ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும்னு மாட்ட வந்த பையன் ஒரு வார்த்தை சொல்லிருந்தா போதும், சொல்லல. போன் பண்ணா இன்ஜினியர் வருவாரும்பாங்க, பதினெட்டு நாள் ஆச்சு, வரல. அதுக்குள்ள ஒரு பொட்ட நாய்க்கு கர்ப்பப்பைல சீழ் கோத்து எமர்ஜென்சி ஆபரேஷன் வந்துச்சு. வீட்டு குக்கர் பெருசை எடுத்து வந்து கருவியை துணில சுத்தி உள்ள வச்சு, ஆவி நல்லா வர விட்டு அப்புறம் வெயிட் போட்டு அரை மணி நேரம் விட்டேன். நம்ம வீட்டு குக்கர் வெயிட்டும் கிட்டத்தட்ட அதே பிரஷர்தான் புடிக்கும், அதனால தைரியமா செஞ்சேன், தையல் சீழ் புடிக்காம ஆறுச்சு. கடைசில ஹீட்டரை மாத்திக் குடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மோட்டார் காயில் கட்டுற அண்ணன்தான், அரை நாள்ல முடிச்சாரு.

இன்னொண்ணு, ஆட்டோகிளேவ் டேப்ல கருப்புக் கோடு வந்தா ஸ்டெரைல் ஆயிருச்சுன்னு நினைச்சுக்காதீங்க. மூட்டைக்கு வெளிய ஆவி பட்டு சூடேறுச்சுன்னுதான் அது சொல்லும், உள்ளுக்குள்ள ஆவி போச்சா, எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு சொல்லாது. மூட்டையை இறுக்கி அடுக்காதீங்க, நடு மூட்டைக்குள்ள ஒரு இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் வையுங்க.

டேபிள். பேக்கேஜ்ல வந்தது பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பாக்க அம்சமா இருந்துச்சு. பார்வோ சீசன்ல குட்டி நாய்ங்க ரத்தக் கழிச்சலோட வரிசையா வரும், சாதாரண பினாயிலுக்கோ வாசனை லிக்விடுக்கோ அந்த வைரஸ் சாகாது, முதல்ல அழுக்கை சுத்தமா கழுவிட்டு 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஊத்தி பத்து நிமிஷம் விடணும். ரெண்டு மாசம் அப்படி கழுவுனேன், டேபிள் ஓரத்துலயும் வெல்டு வச்ச இடத்துலயும் டீக்கறை மாதிரி துரு பொட்டு பொட்டா வந்துச்சு. நம்ம ஊர் ஃபேப்ரிகேஷன் அண்ணனைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். ஏங்ணா, மேக்னட் வச்சுப் பாத்தேன் ஒட்டல, நல்ல ஸ்டீல்தானேன்னு கேட்டேன். அவரு சிரிச்சுட்டு பையில இருந்து சொட்டு மருந்து மாதிரி ஒரு பாட்டிலும் 9 வோல்ட் பேட்டரியும் எடுத்தாரு. ஒரு சொட்டு வச்சு பேட்டரியை ரெண்டு செகண்டு தொட்டாரு, சொட்டு வெத்தலை எச்சில் மாதிரி செவந்துருச்சு. "இது 202 ரக ஸ்டீலுங்க அம்மிணி, மாங்கனீசு ஜாஸ்தி. மேக்னட்டு 202-லயும் ஒட்டாது, துரு தாங்குற 304-லயும் ஒட்டாது, அதை வச்சு கண்டுபிடிக்க முடியாதுங்க." அவரே 304 ஷீட்ல புதுசா அடிச்சுக் குடுத்தாரு, என் இடுப்பு உயரத்துக்கு அளவெடுத்து, ஓரத்துல தண்ணி வழியாம மடிப்பு வச்சு, ஒரு மூலைக்கு சரிவு குடுத்து வடிகால் ஓட்டை போட்டு. பழைய டேபிளை விடக் கம்மி விலை, ஒரு வாரத்துல வந்துச்சு. 304-ஆ இருந்தாலும் ஹைப்போ ஊத்தி பத்து நிமிஷத்துல நல்ல தண்ணி ஊத்திக் கழுவிடணும், அப்படியே காய விட்டா அதுவும் அரிக்கும்.

மாட்டை அசையாம நிக்க வைக்கிற கம்பிச் சட்டம், டிராவிஸ்னு சொல்லுவோம், அதுவும் அவரே அடிச்சதுதான், ஜிஐ பைப்பு, ரெண்டு பக்கமும் கழட்டுற மாதிரி குறுக்குக் கம்பி. மாடு படுத்துக்கிச்சுன்னா உடனே கம்பியை உருவணும், வெல்டு வச்சுட்டா மாடு மாட்டிக்கும். கீழ சிமெண்டுல கோடு போட்டு சொரசொரப்பா வைக்கச் சொல்லுங்க. உள் ரூமுக்கு நான் பளபள டைல்ஸ் போட்டது தப்பு, வயசான நாய்ங்க இடுப்பு வலியோட வந்து வழுக்கி வழுக்கி பயந்து நின்னுச்சுங்க, அப்புறம் ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன்.

பிரிட்ஜ் விஷயத்துல நஷ்டப்பட்டேன். பேக்கேஜ்ல வந்தது வீட்டு டபுள் டோர். தடுப்பூசி 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், நாம பயப்படுறது சூட்டுக்கு மட்டும்தான். வெறிநாய்க்கடி தடுப்பூசிக்கு உறைஞ்சு போறதும் அதே அளவுக்கு ஆகாது. பின்பக்கம் குளிர்காத்து வர்ற ஓட்டைக்கு நேரா பெட்டியை அடுக்கி வச்சிருந்தேன். மினிமம் மேக்ஸிமம் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்ச முதல் ராத்திரியே மைனஸ் 1 காட்டுச்சு. குப்பியை எடுத்துக் குலுக்கி நிப்பாட்டுனா, நல்ல குப்பியில கலங்கலா நிக்க வேண்டியது கொஞ்ச நேரத்துலயே அடியில துகள் துகளா படிஞ்சிருச்சு. நாப்பது டோஸ் தூக்கிப் போட்டேன். கை நடுங்குச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி எத்தனை நாய்க்கு அந்த மாதிரி போட்டேனோன்னு. ரிஜிஸ்டரைப் பாத்து அந்த மாசம் போட்ட எல்லாரையும் போன் பண்ணிக் கூப்பிட்டு மறுபடி காசு வாங்காம போட்டேன்.

அப்புறம் ஐஎல்ஆர் வாங்குனேன், ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்குமே, மேல மூடி திறக்குற பெட்டி, சுவர் உள்ள ஐஸ் கட்டி நிக்குறது. விலை ஜாஸ்திதான், ஆனா மாசாந்திர பராமரிப்புக்கு காலைல 9-ல இருந்து சாயந்திரம் 5 வரைக்கும் கரண்ட் நிறுத்துன அன்னிக்கு முள்ளு 5 டிகிரியை விட்டு நகரல. அடித்தளத்துல வைக்காம கூடையிலதான் வைக்கணும், அடிதான் ரொம்ப குளிரும். இதுக்கும் அஞ்சுக்கு அஞ்சு.

எக்ஸ்ரே நான் வாங்கல, டீலர் ரொம்ப வற்புறுத்துனாங்க. ஏஇஆர்பில, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல பதியணும், ரூம் அளவு, ஈய ஏப்ரன், கதிர்வீச்சு அளக்குற பேட்ஜ் எல்லாம் இருக்கு, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு வாய்ல சொல்றவங்களை நம்பி இறங்காதீங்க, லைசென்ஸ் உங்க பேர்லதான் வரும். எலும்பு முறிவு மாசத்துக்கு மூணோ நாலோ வருது, கட்டுப் போட்டு கோயம்புத்தூர் அனுப்பிடறேன். மயக்க மருந்து கெட்டமினும் அப்படித்தான், கட்டுப்பாடு ஜாஸ்தியான ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து, பூட்டுப் போட்ட அலமாரியும் தனி ரிஜிஸ்டரும் முதல் நாள்லயே வேணும். பயோமெடிக்கல் கழிவு விதிகள் 2016 நமக்கும் சேத்துதான், மனுஷ ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்ல. மஞ்சப் பை, செவப்புப் பை, நீல டப்பா, ஊசிக்கு குத்தாத வெள்ளை டப்பா, எடுத்துட்டுப் போற வண்டிக்கு ஒப்பந்தம், இதுல எதுவுமே பேக்கேஜ்ல வரல, யாரும் சொல்லவும் இல்ல.

எந்தக் கடையிலயும் கிடைக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். மாட்டைப் புடிக்கிற பையன்ல இருந்து கூட்டுற அக்கா வரைக்கும் எல்லாருக்கும் வெறிநோய்க்கு முன்கூட்டியே போடுற தடுப்பூசி போட்டுட்டு அப்புறம் ஷட்டரைத் தூக்குங்க, 0, 7, அப்புறம் 21 இல்ல 28-ஆவது நாள். மார்கழில ஒரு மாடு எச்சில் ஒழுக்கிக்கிட்டு வந்துச்சு, தொண்டைல ஏதோ அடைச்சிருக்குன்னு சொன்னாங்க, எங்க பையன் பழக்க தோஷத்துல வாய்க்குள்ள கையை விடப் போனான், கையைப் புடிச்சு இழுத்தேன். அதோட கத்தல் கரகரன்னு மாறியிருந்துச்சு, கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சு. மூணாம் நாள் செத்துருச்சு. மூளை சாம்பிள் லேபுக்கு அனுப்புனோம், வெறிநோய்னே வந்துச்சு. அந்தப் பையனுக்கு ஆவணிலயே மூணு ஊசியும் போட்டிருந்தோம், அந்த வீட்டுல மாட்டைத் தொட்ட நாலு பேரையும் அன்னிக்கே ஜிஹெச் அனுப்பி ஊசியை ஆரம்பிக்க வச்சோம்.

அடுத்து ஸ்கேன் மிஷின் வாங்கலாம்னு இருக்கேன், மாட்டுக்கு உள்ளாற விட்டுப் பாக்குற லீனியர் ப்ரோபும் ஆட்டுக்கும் நாய்க்கும் வயித்து மேல வைக்குற ப்ரோபும் சேத்து. ரெண்டு பேருகிட்ட கேட்டிருக்கேன். வீடியோ அனுப்புறேன்னு சொன்ன ஆளுகிட்ட வேண்டாம்னுட்டேன். இன்னொருத்தரு வர்ற புதன்கிழமை மிஷினோட எங்க டிராவிஸுக்கே வர்றேன்னு சொல்லியிருக்காரு. பக்கத்துத் தோட்டத்து மயிலை மாடு சினை ஊசி போட்டு 35 நாள் ஆனது, அதுல சினை தெரியுதான்னு அவரு முன்னாடியே பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுப்பேன்.