மெனு காணாமல் போன லேப்டாப்: க்ரப்பைச் சரிசெய்ய எந்தக் கருவி?

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கம்பெனி லேப்டாப். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள அந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் பக்கத்திலேயே உபுண்டு, அப்புறம் மின்ட், ஆசைக்கு ஒரு ஃபெடோரா என்று லினக்ஸ் வகைகளை ஏற்றிக்கொள்கிறார்கள். எந்த ஓஎஸ் (இயங்குதளம்) வேண்டும் என்று தொடக்கத்தில் மெனு காட்டுவது க்ரப் என்ற பூட்லோடர், அதாவது ஓஎஸ்ஸை எழுப்பும் சிறு நிரல். ஒருநாள் அந்த மெனு வராது. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மட் போட்டாதான் தம்பி சரியாகும்" என்ற பதில்தான் வரும்.

ஃபார்மட்டும் ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்லோடர் கெட்டுப்போன பெரும்பாலான மெஷின்களில் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கும். கெட்டது வாசல் மட்டும். அதனால் இந்தக் கருவிகளை நான் எடை போடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இது டிஸ்க்கில் எவ்வளவு எழுதுகிறது? குறைவாக எழுதுவதை முதலில் முயலுங்கள். எதையும் எழுதாமல் உள்ளே நுழைய முடிந்தால் அதைவிட நல்லது இல்லை.

முதலில் திரையைப் பாருங்கள்

நேராக விண்டோஸ் திறந்துவிட்டால், க்ரப்புக்கு அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. யூஇஎஃப்ஐ என்ற மதர்போர்டு மென்பொருளின் (ஃபர்ம்வேர்) பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முன்னால் ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகோ பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகோ இது நடக்கும்.

"க்ரப் ரெஸ்க்யூ" என்று வந்து நின்றால், க்ரப்பின் மையப் பகுதி ஏறிவிட்டது, ஆனால் அதற்கு வேண்டிய மாட்யூல்கள் (துணைக் கோப்புகள்) இருக்கும் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதி, கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் "இது என்ன பெயரில்லாத பார்ட்டிஷன்?" என்று யாரோ அழித்திருப்பார்கள். வெறும் "க்ரப்" என்று மட்டும் வந்தால் நிலைமை கொஞ்சம் மேல்: மாட்யூல்கள் இருக்கின்றன, மெனு கோப்புதான் இல்லை.

மெனு வருகிறது, அதில் ஒரு ஓஎஸ் மட்டும் இல்லை என்றால் அது பழுதே அல்ல. 2021இல் வந்த க்ரப் 2.06, மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்பு கருதி இயல்பாகவே அணைத்துவிட்டது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் திறந்துவிட்டு, மெனுவைப் புதிதாக எழுதும் அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டினால் போதும். இதற்குப் போய் பென் டிரைவ் தேடுபவர்கள் உண்டு.

எழுதாத இருவர்

மிகச் சிறிய கருவி, லேப்டாப்பிலேயே இருக்கும் பூட் மெனு. லெனோவோ, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. அங்கே உபுண்டு என்ற பெயர் தெரிந்தால் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பிறகு இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் வரிசையை மாற்றலாம். அது டிஸ்க்கைத் தொடாது, மதர்போர்டின் நினைவகத்தில் மட்டும் எழுதும். சில மெஷின்களின் ஃபர்ம்வேர் பிடிவாதக்காரர். எந்த வரிசை கொடுத்தாலும் விண்டோஸைத்தான் எழுப்பும். அப்போது விண்டோஸுக்குள் இருந்தே பிசிடிஎடிட் கட்டளை மூலம் பூட் மேனேஜரின் பாதையை உபுண்டுவின் ஷிம் கோப்பை (க்ரப்பை எழுப்பும் கையொப்பமிட்ட முதல் கோப்பு) நோக்கித் திருப்பிவிடலாம்.

பூட் மெனுவில் பெயரே இல்லையென்றால் சூப்பர் க்ரப்2 டிஸ்க். பென் டிரைவில் எழுதிக்கொண்டு அதிலிருந்து மெஷினை எழுப்பினால், டிஸ்க் முழுக்கத் தேடி அங்கே இருக்கும் க்ரப் மெனு கோப்புகள், லினக்ஸ் கர்னல்கள் (மைய நிரல்கள்), இஎஃப்ஐ கோப்புகள் எல்லாவற்றையும் பட்டியல் போடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஓஎஸ் திறக்கும். இது எதையும் பழுதுபார்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுவே இதன் பெரிய பலம். உங்கள் லினக்ஸுக்குள் நீங்கள் வழக்கம்போல் நுழைந்துவிட்ட பிறகு, க்ரப்பை மறுபடி நிறுவும் க்ரப்-இன்ஸ்டாலையும் அப்டேட்-க்ரப்பையும் அங்கிருந்தே ஓட்டலாம். கீழே வரப்போகும் சிஎச்-ரூட் வித்தை எதுவும் தேவைப்படாது.

ஒரே நிபந்தனை: லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால், பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் எழுப்ப வேண்டும். பழைய லெகசி (பயாஸ்) முறையில் நுழைந்துவிட்டு க்ரப்-இன்ஸ்டால் ஓட்டினால் அது வேறு வகை க்ரப்பை வேறு இடத்தில் வைக்கப் பார்க்கும். உள்ளே போனதும் சிஸ்-ஃபர்ம்வேர் அடைவுக்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரியான வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறீர்கள்.

பூட்-ரிப்பேரா, சிஎச்-ரூட்டா?

உண்மையான போட்டி இங்கேதான். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பூட்-ரிப்பேர். நிறுவாமலே ஓடும் உபுண்டு லைவ் பென் டிரைவில் மெஷினை எழுப்பி, பூட்-ரிப்பேரின் பிபிஏவைச் (கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) சேர்த்து நிறுவி, "பரிந்துரைக்கப்பட்ட பழுதுபார்ப்பு" பொத்தானை அழுத்தினால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் ஒன்று, உபுண்டு ஒன்று என்ற மெஷினில் இதைக் குறை சொல்ல மாட்டேன். வேலையை முடித்துவிடும்.

மூன்று நான்கு லினக்ஸ் இருக்கும் மெஷினில்தான் சிக்கல். எந்த லினக்ஸின் க்ரப் இனி பொறுப்பு என்பதை நீங்கள் சொல்லாவிட்டால், அதுவாக ஒன்றை முடிவு செய்துகொள்ளும். மேம்பட்ட தெரிவுகளுக்குள் போய், க்ரப் இருப்பிடம் என்ற தாவலில் எந்த ஓஎஸ் இயல்பாகத் திறக்க வேண்டும் என்று குறிப்பிடலாம். பொத்தானை மட்டும் நம்புகிறவர்கள் அங்கே போவதில்லை. அதே பகுதியில் மைக்ரோசாஃப்ட் இஎஃப்ஐ கோப்புகளைப் பெயர் மாற்றிவைக்கும் ஒரு தெரிவும் உண்டு. மேலே சொன்ன பிடிவாத ஃபர்ம்வேருக்கான கடைசி மருந்து அது. மற்றவர்கள் அதைத் தொட வேண்டாம்; பிறகு விண்டோஸ் திறக்காமல் போய், ஒரு பழுது இரண்டாகும்.

இன்னொன்று, அதற்கு இணையம் வேண்டும். ஓசூர் டவுனில் அது பெரிய விஷயமில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறும் வீட்டில், க்ரப் பேக்கேஜை நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கும் நேரத்தில் ஹாட்ஸ்பாட் அறுந்தால், நீக்கியது நீக்கியபடியே நிற்கும்.

ஆனாலும் பூட்-ரிப்பேரில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வசதி இருக்கிறது. எதையும் சரிசெய்யாமல் அறிக்கை மட்டும் தயாரிக்கச் சொல்லலாம். எந்த பார்ட்டிஷனில் என்ன ஓஎஸ், எந்த இஎஃப்ஐ கோப்பு எங்கே, மெனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாமே ஒரே தாளில். டாக்டரை விட ஸ்கேன் சென்டராக அது எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

சிஎச்-ரூட் வழி, லைவ் பென் டிரைவிலிருந்து உங்கள் லினக்ஸுக்குள் பின்வாசல் வழியாக நுழைவது. லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து (கோப்புகளை அணுகும்படி இணைத்து), அதன் பூட்-இஎஃப்ஐ இடத்தில் பூட்லோடர் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய அமைப்பு அடைவுகளை இணைத்து, உள்ளே போய் க்ரப்-இன்ஸ்டால் ஓட்ட வேண்டும். எந்த லினக்ஸின் க்ரப்பை எழுதுகிறோம் என்பதில் சந்தேகமே இருக்காது. இணையமும் தேவையில்லை. பார்ட்டிஷன் பெயரை மாற்றி அடித்துவிடாத நிதானம்தான் வேண்டும்.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமாக இருந்தால் வெறும் மவுன்ட் போதாது. எந்த சப்வால்யூம் (அதன் உட்பிரிவு) என்று சொல்ல வேண்டும். ஃபெடோராவாக இருந்தால், யூஇஎஃப்ஐ மெஷினில் க்ரப்-இன்ஸ்டால் ஓட்டவே கூடாது. ஷிம், க்ரப் பேக்கேஜ்களை மறுபடி நிறுவுவதுதான் அங்கே முறை. உபுண்டுவுக்கு எழுதிய குறிப்பை ஃபெடோராவில் அப்படியே அடிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எம்எக்ஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதன் லைவ் பதிப்பிலேயே பூட் ரிப்பேர் கருவி ஒன்று கூடவே வருகிறது.

என் தேர்வு: சூப்பர் க்ரப்2 டிஸ்க் உள்ளே விட்டால் அதுதான். விடாவிட்டால் சிஎச்-ரூட். பூட்-ரிப்பேருக்கு மூன்றாம் இடம், அதுவும் அறிக்கையைப் படித்துவிட்டு.

உபுண்டுவும் மின்டும் ஒரே டிஸ்க்கில்

இந்த ஜோடிதான் இங்கே அதிகம் கண்ணில் படுகிறது. பழுதும் இதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. காரணம் எளிது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் தனக்கென்று தனி அடைவு வைத்துக்கொள்வதில்லை. அதுவும் உபுண்டு என்ற அடைவிலேயே எழுதுகிறது. ஒரே மனைக்கு இரண்டு பேர் பத்திரம் பதிந்துகொண்டது மாதிரி, கடைசியாகப் பதிந்தவர் பெயர்தான் நிற்கும். இன்று மின்டில் க்ரப் அப்டேட் வந்தால் மின்டின் மெனு; நாளை உபுண்டுவில் வந்தால் உபுண்டுவின் மெனு. பிறகு ஒருநாள் மின்ட் வேண்டாமென்று பார்ட்டிஷனை அழித்தால், இரண்டுக்குமே வாசல் போய்விடும்.

க்ரப்-இன்ஸ்டாலில் வேறு பெயர் கொடுத்தால் தீருமா என்றால், முழுதாகத் தீராது. கையொப்பமிட்ட க்ரப் கோப்புக்குள்ளேயே உபுண்டு அடைவின் பாதை பதிந்திருக்கிறது. ஆனால் அதே அடைவில் மூன்றே வரியுள்ள ஒரு சின்ன மெனு கோப்பு இருக்கும். எந்த யூயூஐடி (அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனில் உண்மையான மெனு இருக்கிறது என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்த யூயூஐடியை மாற்றினால் அதிகாரம் கைமாறிவிடும். இருக்கும் பழுதுபார்ப்புகளிலேயே மிகக் குறைவாக எழுதுவது இதுதான். எந்தப் பொத்தானும் இதைச் செய்து தராது.

பிறகு யார் பொறுப்பு என்று ஒருவரைத் தீர்மானித்துவிடுங்கள். மற்ற லினக்ஸ்களுக்கு ஓஎஸ்-ப்ரோபரை நம்பாமல், பொறுப்பாளரின் 40-கஸ்டம் கோப்பில் கையால் ஒரு பதிவு போட்டு, அதில் கான்ஃபிக்ஃபைல் கட்டளையால் அடுத்த லினக்ஸின் சொந்த மெனுவைத் திறக்கச் சொல்லலாம். அங்கே கர்னல் மாறினாலும் இங்கே எதையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஃபெடோராவுக்கு இது சரிவராது, அதன் மெனு வேறு முறையில் எழுதப்படுகிறது; அதற்கு, ஒரு பூட்லோடர் இன்னொன்றை எழுப்பும் செயின்லோடர் மூலம் அதன் ஷிம்மை அழைப்பதே நல்லது.

க்ரப்பே வேண்டாம் என்றால்

ரோடெரிக் ஸ்மித் எழுதிய ரீஃபைண்ட் என்ற பூட் மேனேஜர், ஒவ்வொரு முறை மெஷின் எழும்பும்போதும் டிஸ்க்கைத் தேடிப் பார்த்து மெனுவை உருவாக்கிக்கொள்கிறது. புதுப்பிக்க மறந்த மெனு என்ற பேச்சே அதில் இல்லை. மாதம் ஒரு லினக்ஸ் மாற்றிப் பார்க்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கையொப்பமிட்ட பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் மெஷினில் மட்டும் ஷிம், சாவி என்று கூடுதல் வேலை இருக்கிறது.

இன்னொரு மாற்றான சிஸ்டம்டி-பூட் எளிமையானது, பாப் ஓஎஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது. கர்னல்கள் பொதுவாக இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே இருக்க வேண்டும் என்பதால், விண்டோஸ் போட்டுவைக்கும் 100 எம்பி பார்ட்டிஷனில் இரண்டு லினக்ஸுக்கு இடம் பற்றாது. இந்தப் போட்டியில் அதைச் சேர்க்கவில்லை.

செக்யூர் பூட் செய்யும் வேலை

"ஷிம் எஸ்பேட்" என்று ஒரு வரி காட்டி மெஷின் அணைந்தால், மேலே சொன்ன எதுவும் உதவாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய ஷிம்களைத் தடுக்கும் பட்டியலைப் புதுப்பித்ததில் பல லினக்ஸ்கள் இப்படி நின்றன. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால் அந்தத் தடைக் கொள்கையை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி.

அணைப்பதற்கு முன், விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் மாறினாலே அது சாவி கேட்கும். சாவி இல்லை, செக்யூர் பூட்டை மறுபடி போட்டும் திறக்கவில்லை என்றால் அந்த பார்ட்டிஷனைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்ன ஃபார்மட்தான் மிச்சம்.

பழைய அரசு லேப்டாப்

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் காலத்து லேப்டாப்களில் பழைய பயாஸும் எம்பிஆரும் (டிஸ்க்கின் பழைய பிரிப்பு முறை) தான் என்றால், ரீஃபைண்டையும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆரையும் மறந்துவிடலாம். விண்டோஸை மறுபடி நிறுவும்போது டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் இருக்கும் பூட் குறியீடு மட்டும் அழியும். லினக்ஸ் பார்ட்டிஷன் அப்படியே இருக்கும். இங்கேயும் சூப்பர் க்ரப்2 டிஸ்க்தான் முதலில். உள்ளே போய் க்ரப்-இன்ஸ்டாலுக்கு எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கையும் சொல்ல வேண்டும், எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனை அல்ல. எக்ஸ்பி காலத்து முறையில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரிலேயே தொடங்கினால், க்ரப்பின் மையப் பகுதியை வைக்க முன்னால் இருக்கும் இடம் போதாமல் எச்சரிக்கை வரலாம். அப்போது ஜிபார்ட்டெட் லைவில் அந்த பார்ட்டிஷனைச் சற்றுத் தள்ளி 2048ஆம் செக்டரில் தொடங்க வைக்க வேண்டும். அந்த வேலை முடியும்வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள். பழைய பேட்டரியை நம்ப முடியாது.