ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும்போது: எந்த முறையை எங்கே நம்பலாம்?

விவோசிட்டி கடைத்தொகுதியின் அஞ்சல் குறியீடு 098585. படிவத்தில் வந்த இந்த ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துக்கோவையை, பைத்தான் மொழியில் எண்ணாக்கும் இன்ட்டிடம் கொடுத்தால் 98585 கிடைக்கும். சி மொழியின் ஸ்ட்ர்டாலிடம் அடிமானத்தை (எத்தனை இலக்கங்களால் எண்ணுவது என்பதை) 0 என்று, அதாவது ‘நீயே கண்டுபிடி’ என்று கொடுத்தால், முன்னால் நிற்கும் சுழியத்தைப் பார்த்து இது எட்டடிமான (0 முதல் 7 வரை மட்டுமே உள்ள) எண் என்று எடுத்துக்கொண்டு, 9 வந்ததும் நின்று 0 தரும். கோ மொழியின் பார்ஸ்இன்ட் அதே 0 அடிமானத்தில் ‘இது எண்ணே இல்லை’ என்று பிழை தரும். மூன்றும் ஆவணத்தில் சொன்னபடிதான் நடக்கின்றன. மாற்றம் தோற்றால் அதை எங்கே சொல்வது என்பதில்தான் மொழிகள் பிரிகின்றன: சில மதிப்புக்குள்ளேயே ஒளித்துவிடும், சில தனிக் கொடியாகத் தரும், சில ஓட்டத்தையே நிறுத்தும்.

(அஞ்சல் குறியீட்டை எண்ணாக்கவே கூடாது என்பது வேறு விஷயம். 01 முதல் 09 வரையான பிரிவுகள் மட்டுமே சுழியத்தில் தொடங்குகின்றன. தெம்பனிஸ், ஜூரோங் முகவரிகளை வைத்தே சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது.)

மௌனமாக மாற்றுபவை

இதில் மிக மோசமானது சி-யின் ஏடூஐ. தோற்றால் 0, உள்ளே வந்ததே "0" என்றாலும் 0. வரம்பு மீறினால் என்ன நடக்கும் என்று தரநிலை எதையும் உறுதி சொல்லவில்லை. புதுக் குறிமுறையில் இதற்கு இடமே இல்லை. ஸ்ட்ர்டால் மேல்தான், ஆனால் மூன்று வேலையும் செய்தால் மட்டும்: அழைக்கும் முன் எர்நோ என்ற பிழை மாறியை 0 ஆக்க வேண்டும்; முடிந்ததும் அது வரம்பு மீறலைக் குறிக்கும் ஈரேஞ்ச் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; வாசிப்பு நின்ற இடத்தைக் காட்டும் முடிவுச் சுட்டி நகர்ந்திருக்கிறதா, ஸ்ட்ரிங்கின் கடைசி வரை போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்ட்ர்டவுல் "-1"-ஐ மறுக்காது. குறியில்லா (எதிர்ம எண் இல்லாத) வகையின் மிகப் பெரிய எண்ணாக்கித் தந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ்இன்ட்டா நம்பரா என்றால் நம்பர்தான். "12கிலோ" என்பதற்குப் பார்ஸ்இன்ட் கூசாமல் 12 தரும், நம்பர் நேன் (‘எண் அல்ல’ என்னும் மதிப்பு) தரும். 0.0000005 என்ற எண்ணைப் பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் 5 வரும், ஏனென்றால் அது முதலில் "5e-7" என்ற ஸ்ட்ரிங்காகிறது. ஆனால் நம்பரிலும் ஒரு குழி உண்டு: வெற்று ஸ்ட்ரிங்கும் வெறும் இடைவெளியும் அதற்கு 0. ஆகவே முதலில் ஓர இடைவெளியை நீக்கும் ட்ரிம், வெறுமையா என்று ஒரு பார்வை, பிறகு நம்பர், கடைசியில் துல்லியமாக வைக்கக்கூடிய முழு எண்ணா என்று பார்க்கும் இஸ்சேஃப்இன்டிஜர். அந்த எல்லை 9007199254740991. அதற்கு மேல் அடுத்தடுத்த இரு எண்கள் ஒன்றாகிவிடும்.

காசுக் கணக்கிலும் இதே மௌனம்தான். 19.99 வெள்ளியை 100-ஆல் பெருக்கினால் இரட்டைத் துல்லியத்தில் (64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில்) 1998.9999999999998. அதை இன்ட்டாக வெட்டினால் 1998, ஒரு காசு போச்சு. தசமங்களை அப்படியே வைக்கும் டெசிமல் வகையிலேயே கணக்கிட வேண்டும், அல்லது வெட்டாமல் ரவுண்ட் செய்ய வேண்டும். பொருள் சேவை வரி 9 விழுக்காட்டைக் கணக்கிடும் இடத்தில் முன்னதுதான் பாதுகாப்பு.

எக்செப்ஷனா, கொடியா?

சி ஷார்ப்பில் மூன்று வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பார்ஸ், எண் அல்லாததற்கும் வரம்பு மீறலுக்கும் தனித்தனி எக்செப்ஷன் (பிடிக்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறியும். டிரைபார்ஸ் ஆம்/இல்லை சொல்லும். கன்வர்ட் ஒரு கலவை: நல் (மதிப்பே இல்லை என்னும் குறி) கொடுத்தால் 0, 2.5 கொடுத்தால் 2, 3.5 கொடுத்தால் 4. அந்த இரட்டைப்படை ரவுண்டிங் வங்கிக் கணக்கு முறை. தெரிந்து பயன்படுத்தினால் சரி, தெரியாமல் சிக்கினால் அலைய வைக்கும்.

பயனர் தட்டச்சு செய்தது, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) கோப்பு, வெளி ஏபிஐ (பிற நிரலோடு பேசும் வாயில்) என்றால் டிரைபார்ஸ். அங்கே தவறான மதிப்பு அன்றாட நிகழ்வு, அதற்கெல்லாம் எக்செப்ஷன் எறிவது வேகத்துக்கும் கேடு. கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு போல தவறே இருக்கக் கூடாத இடத்தில் பார்ஸ். நிரல் அங்கேயே விழட்டும். ஆனால் டிரைபார்ஸ் தோற்றால் முடிவை வாங்கும் வெளி மாறியில் 0 நிற்கும். திரும்பி வந்த ஆம்/இல்லையைப் பார்க்காமல் விட்டால் அது வேஷம் மாறிய ஏடூஐதான். கோ மொழியிலும் அப்படியே: 8 பிட்டுக்கு "300" கொடுத்தால் பிழையோடு 127-உம் வரும், பிழையை அடிக்கோட்டில் (_) தள்ளிப் புறக்கணித்தால் 127 மட்டும் மிஞ்சும். ரஸ்ட்டின் பார்ஸ், மதிப்பையோ பிழையையோ பொதிந்த ரிசல்ட்டைத் தருவதால் அதைத் திறக்காமல் மதிப்பைத் தொட முடியாது. இந்த வரிசையில் முதலிடம் அதற்குத்தான். அதே ரஸ்ட்டில் ஆஸ் என்று போட்டு 8 பிட்டாக்கினால் 300 ஓசையில்லாமல் 44 ஆகும், எனவே வரம்பைச் சோதிக்கும் டிரைஃப்ரம்மையே பழக்கமாக்குங்கள்.

கொடியும் பொய் சொல்லும். ஜெர்மானிய அலுவலகம் அனுப்பிய விலைப்பட்டியலில் "12,50" இருந்து, சிங்கப்பூர் வட்டார அமைப்பில் ஓடும் சர்வர் அதை டெசிமல் டிரைபார்ஸ் செய்தால் ‘ஆம்’ என்று சொல்லி 1250 தரும். காற்புள்ளியை ஆயிரப் பிரிப்பானாக எடுத்துக்கொள்வதோடு, அது மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை வருகிறதா என்றும் பார்ப்பதில்லை. எந்த வட்டாரத்தையும் சாராத இன்வேரியன்ட் கல்ச்சரையும், தசமப் புள்ளிக்கு மட்டும் இடம் தரும் நம்பர்ஸ்டைல்ஸையும் வெளிப்படையாகக் கொடுத்தால் "12,50" மறுக்கப்படும்.

முன்கூட்டியே பார்த்துவிடலாமே?

பைத்தானில் எல்லாம் இலக்கமா என்று சொல்லும் இஸ்டிஜிட்டைப் பார்த்துவிட்டு இன்ட் அழைப்பவர்கள் நிறைய. "²" இஸ்டிஜிட்டில் தேறும், இன்ட்டில் விழும். "-5" இஸ்டிஜிட்டில் விழும், இன்ட்டில் தேறும். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடமெல்லாம் பிழைக்கு வாசல். நேராக மாற்றிப் பார்த்து தோற்றால் எழும் வேல்யூஎரரைப் பிடிப்பதே மேல். ஒரு வேடிக்கை: "௧௨௩" கொடுத்தால் பைத்தானும் ஜாவாவும் 123 தரும், சி ஷார்ப், கோ, ஜாவாஸ்கிரிப்ட் மறுக்கும். பைத்தான் "1_000"-ஐயும் 1000 என்று ஏற்கும். இவை வேண்டாமென்றால் ஆஸ்கி எழுத்துகள் மட்டும்தானா என்று பார்க்கும் இஸ்ஆஸ்கியும், எழுத்து அமைப்பை ஒப்பிடும் ஒரு ரெஜெக்ஸும் சேர்க்கலாம், ஆனால் இன்ட்டுக்குத் துணையாக, பதிலாக அல்ல.

எண்ணிலிருந்து எண்ணுக்கு

1996 ஜூன் 4-இல் ஏரியான் 5 ராக்கெட் வெடித்ததற்குக் காரணம் 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக்கியது. 32767-ஐத் தாண்டியதும் எழுந்த பிழையைப் பிடிக்க ஆளில்லை. வரம்பைச் சோதித்தாலும் சறுக்கலாம். டபுளை (இரட்டைத் துல்லிய எண்ணை) 64 பிட் முழு எண்ணாக்கும் முன் ‘மிகப் பெரிய எண்ணுக்குச் சமமோ குறைவோ’ என்று கேட்டால், அந்த எல்லையே டபுளாகும்போது 9223372036854775808 என்று ஒன்று கூடிவிடும். வரம்புக்கு வெளியே உள்ள மதிப்பு உள்ளே நுழையும். ‘9223372036854775808-ஐ விடக் குறைவு, அதன் எதிர்ம எண்ணுக்குச் சமமோ கூடுதலோ’ என்றால்தான் செய் என்று எழுதுங்கள். குறைவு, கூடுதல், சமம் என்ற எந்த ஒப்பீட்டிலும் நேன் பொய்யாவதால் அதுவும் வெளியே நிற்கும்.

தரவுத்தளத்தில்

எஸ்கியூஎல் சர்வரில் எண்ணா என்று சொல்லும் இஸ்நியூமரிக் வெறும் "$" குறிக்கும் 1 சொல்லும். அதை விட்டுவிட்டு டிரைகாஸ்ட் எடுங்கள், தோற்றால் நல் வரும். ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கை இன்ட்டாக்கினால் அங்கேயும் 0. நல்இஃப் கொண்டு வெற்றை முதலில் நல் ஆக்கிவிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதே வெற்றுக்கு நேராகப் பிழை எறியும். மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பு) முறை அணைந்திருந்தால் "12கிலோ" வெறும் எச்சரிக்கையோடு 12 ஆக உள்ளே போகும். பழைய சர்வரிலிருந்து தரவை நகர்த்தும் முன் அந்த முறையைச் சொல்லும் எஸ்கியூஎல் மோட் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.