எச்.ஐ.வி பரிசோதனைக்குப் போய் வந்தேன்: கிளினிக் திறம், போகிற வழிதான் சரியில்லை

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், சேவை திறம். காசு வாங்கவில்லை, வாசலில் நின்று பெயரைக் கூப்பிடவில்லை, யாரோடு எப்போது என்று துருவவில்லை, முடிவைச் சொல்லும்போது அறையில் மூன்றாம் ஆள் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிற அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக் ஒன்று. எது என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயரைப் போட்டால் அந்த வாசலில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கே நாளைக்கு இரண்டு பேர் எதிர்த் தேத்தண்ணிக் கடையில் குந்திவிடுவார்கள், எங்கட ஊர் அப்படி.

ஏன் போனேன் என்றால், கலியாணம் சரிவந்திருக்கிறது. பொருத்தம் பார்த்து, மண்டபம் பதிந்து, நகை கதைத்து எல்லாம் முடிந்த பிறகு நான் கட்டப்போகிற அவதான் கேட்டா, “நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்கா இரத்தம் செக் பண்ணுவமே?” நியாயமான கேள்வி. உடனே பட்டணத்தில் ஒரு தனியார் லாப்புக்குப் போனேன், காசு கொடுத்தால் அலுப்பில்லாமல் முடியும் என்ற நினைப்பில். கவுண்டரில் இருந்த பிள்ளை ஆர்ப்பாட்டமில்லாத முகத்தோடு, ஆனால் பின்வரிசைக்கும் கேட்கிற குரலில், “எச்.ஐ.வியோ? ஏன் அண்ணா, வெளிநாட்டு மெடிக்கலுக்கோ?” என்று கேட்டா. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். முழுப்பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் பில்லில் அடிக்க வேண்டுமாம். நான் பிறகு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் அரச கிளினிக். அதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்ணுக்கும் பல்லுக்கும் அம்பு போட்ட பலகை இருக்கிறது, இதற்கு என் கண்ணில் எதுவும் படவில்லை. ஒரு சிற்றூழியரிடம் கேட்டேன். அவர் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, “எக்ஸ்ரேக்குப் பின்னால போய், சைக்கிள் விடுற இடத்தால திரும்புங்கோ” என்றார். இரகசியம் சொல்வதுபோலத் தலையையும் ஆட்டினார்.

உள்ளே போன பிறகு உலகமே வேறு. இரண்டு வாங்கு, ஒரு பேன், சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டிய சுவரொட்டிகள். மிஸி ஒரு துண்டில் எண் எழுதித் தந்தார், அதற்குப் பிறகு நான் அந்த எண்தான். எப்போதாவது ஆபத்தான சந்தர்ப்பம் இருந்திருக்கிறதா, கடைசியாக எப்போது என்று மட்டும் கேட்டார், பதிலுக்கு முகம் மாறவில்லை. ஏன் அந்தத் திகதி முக்கியம் என்றும் விளக்கினார்: தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது, சில வாரங்கள் எடுக்கும், அதனால் இன்றைக்கு இல்லை என்று வந்தாலும் அண்மையில் ஏதும் நடந்திருந்தால் திரும்பவும் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்ததுதான். இரத்தம் எடுத்த குழாயில் எண்ணை ஒட்டிவிட்டு, குழாயையும் என் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, “ரெண்டையும் வாசியுங்கோ தம்பி, ஒண்டுதானே?” என்று என்னையே சரிபார்க்க வைத்தார். அதே இரத்தத்தில் சிபிலிசும் பார்க்கிறார்களாம். மேசையில் ஒரு பெட்டி நிறையக் கொண்டம், வேண்டியதை எடுக்கலாம். எனக்கு முன்னால் நின்றவர் சுவரொட்டியை வெகு கவனமாக வாசிப்பவர்போல நின்று ஒரு பிடியை அள்ளிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டார், மிஸி அந்த நேரம் பார்த்து அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அவவும் வேறொரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தா, பெண் டொக்டர் இருந்ததால் கதைக்கச் சுகமாக இருந்ததாம். அவவின் ஒரே முறைப்பாடும் என்னுடையதுதான்: வழி கேட்கிற இடம்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மாவின் முகம் இருண்டது. பெரியப்பா மட்டும் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, “நல்ல விசயம், எல்லாரும் செய்ய வேணும்” என்றார். அவர் சாம்பியாவில் கணிதம் படிப்பித்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை வாத்திமார் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள் என்பது இப்போதைய பொடியளுக்குத் தெரியாது, அவர்கள் அனுப்பிய காசில் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1987 ஒக்டோபரில் அந்த நாட்டு ஜனாதிபதி கென்னத் கவுண்டா, தன் மகன் எயிட்ஸில்தான் செத்தான் என்று பத்திரிகையாளர்களுக்கு முன்னால் சொன்னாராம். பதவியில் இருக்கிற ஜனாதிபதி, அதுவும் அந்தக் காலத்தில். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் அதுவரை “காய்ச்சல்”, “நெஞ்சு வருத்தம்” என்று சொல்லிவந்தவர்கள், தங்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றி முதன்முறையாக உண்மை கதைத்தார்கள் என்று பெரியப்பா சொன்னார். அதே ஒக்டோபரில் இங்கே இந்திய இராணுவத்தோடு சண்டை, இவருக்கு ஊரிலிருந்து கடிதமே போகவில்லை, அது வேறு கதை.

அவர் தொடக்கிவிட்டது, நான் மிச்சத்தைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குப் பட்டது இதுதான்: ஒரு கிளினிக் எவ்வளவு நல்லது என்பது அதன் கதவுக்கு உள்ளே மட்டும் முடிவாவதில்லை. கதவு வரைக்கும் சனம் வருமா இல்லையா என்பதைச் சட்டம் செய்பவர்களும், அந்த நோயோடு வாழ்பவர்களும், அவர்களுக்காகக் கத்துகிற அமைப்புகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். ஆபிரிக்காவில் அப்படிச் சேர்ந்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது, சேராத இடத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

தென்னாபிரிக்காவைப் பாருங்கள். ஜனாதிபதி உம்பெக்கி எச்.ஐ.விதான் எயிட்ஸைத் தருகிறதா என்றே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கிற நெவிரப்பின் மருந்தை மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் பரீட்சார்த்தமாகக் கொடுத்தார்கள். 1998இல் தொடங்கிய சிகிச்சைக்கான இயக்கம், நோயாளர்களும் சேர்ந்து நடத்திய அமைப்பு, வழக்குப் போட்டு 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வென்றது. ஆனால் தீர்ப்பு வேறு, நடைமுறை வேறு. 2000இலிருந்து 2005 வரை எச்.ஐ.வி மருந்துகளைத் தாமதித்ததால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் கணக்குக் காட்டினார்கள். இதற்கு நடுவில் ஒரு எம்.பி, அவவே சுகாதாரப் பிரதி அமைச்சர், நொசிஸ்வே மட்லாலா ரூட்லெஜ் என்று பெயர், பகிரங்கமாகத் தன் இரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுத்தா, தன் அமைச்சரோடு முரண்பட்டுக்கொண்டு அந்த இயக்கத்தோடு ஒரே மேசையில் இருந்து அடுத்த 5 ஆண்டுத் திட்டத்தை எழுத உதவினா. 2007 ஓகஸ்டில் ஜனாதிபதி அவவைப் பதவியிலிருந்து தூக்கினார். எயிட்ஸ் தடுப்பூசி மாநாட்டுக்கு அனுமதியில்லாமல் ஸ்பெயின் போனதும் ஒரு குற்றச்சாட்டாம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கிற விசயமில்லை.

சிம்பாப்வே இன்னொரு மாதிரி. காசில்லாத நாடு என்று நாங்கள் நினைக்கிறோம், ஆனால் அங்கே பாராளுமன்றம் 1999இல் சட்டம் போட்டு, வருமான வரிக்கு மேல் 3 சதவீத எயிட்ஸ் வரி அறவிட்டது. அதாவது சம்பளக்காரனும் கம்பனியும் கட்டுகிற வரிக்கு மேலே, அந்த வரியின் 3 சதவீதம் நேரே இந்த வேலைக்குப் போகும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரேயடியாக நிறுத்தியபோது எத்தனையோ ஆபிரிக்க நாடுகளில் கிளினிக்குகள் பூட்டப்பட்டன. அந்த நேரத்தில்தான் சொந்த வரியின் பெறுமதி விளங்கியது.

அதே பாராளுமன்றங்கள் பிழையான சட்டமும் செய்திருக்கின்றன. தொற்று இருப்பது தெரிந்தும் மற்றவருக்குப் பரப்பினால் சிறை என்ற சட்டம் பல நாடுகளில் வந்தது. கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் பரிசோதித்தவனுக்குத்தான் தெரியும், பரிசோதிக்காதவனுக்குத் தெரியாது, ஆகவே சட்டத்துக்குத் தப்ப வேண்டுமென்றால் கிளினிக் பக்கமே போகாமல் இருப்பதுதான் புத்தி. இதை நோயாளர் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் சொல்லிச் சொல்லி, 2008இல் ஆபிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் எம்.பிமாரின் மன்றம் அவர்களோடு சேர்ந்து ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதியது. 2015இல் கென்ய மேல் நீதிமன்றம் இப்படியான ஒரு பிரிவைத் தெளிவில்லாதது என்று தள்ளிவிட்டது. 2022இல் சிம்பாப்வே தன் பிரிவை நீக்கியது. உகண்டாவோ 2014இல் எதிர்ப்பையும் மீறிக் கடுமையான சட்டத்தைக் கொண்டு வந்தது.

சரி, இதெல்லாம் எக்ஸ்ரேக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்குக்கு என்ன சம்பந்தம்? எங்கள் சுகாதார சேவை கெட்டிக்காரச் சேவை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்று தந்தது. தொற்றுள்ளவர்களுக்கு மருந்து இலவசம். உள்ளே இருப்பவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். வெளியே இருக்கிற சட்டம் வேறு நூற்றாண்டில் நிற்கிறது. தெருவில் நிற்கிறவரைப் பிடிக்க 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், ஒரே பாலினத்தவர் உறவு வைத்தால் குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு. இந்தக் கிளினிக் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் பொலிசுக்குப் பயந்து ஒளிகிறார்கள். 365, 365அ பிரிவுகளைத் திருத்த ஒரு எம்.பி தனிநபர் சட்டமூலம் கொண்டு வந்தார், அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் சொன்னது, நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. வடக்கு எம்.பிமார் இதைப் பற்றி மேடையில் கதைத்து நான் கேட்டதில்லை. டிசம்பர் 1இல் சிவப்பு நாடா குத்திப் படம் எடுப்பார்கள். படம் எடுத்த கையோடு கையை நீட்டி இரத்தத்தைப் பரிசோதிக்கக் கொடுத்தால் பத்து நிமிசம்தான் கூடச் செலவாகும்.

ஆண்டுக்கு 2 தடவை போடுகிற ஊசியில் தொற்றைத் தடுக்கிற லெனகாபவிர் பற்றியும் மிஸியிடம் கேட்டேன். தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த பரீட்சையில் அந்த ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024இல் செய்தி வந்ததே. “இஞ்ச இன்னும் வரேல்ல தம்பி” என்றார். பெரியப்பாவின் சாம்பியாவுக்கு 2025 நவம்பரிலேயே போய்விட்டது.

புள்ளி போடச் சொன்னால் கிளினிக்குக்கு 5க்கு 5. கிளினிக்குக்குப் போகிற வழிக்கு 5க்கு 1, அந்தச் சிற்றூழியர் சரியான வழியைச் சொன்னதற்காக. லாப்புக்கு ஒன்றுமில்லை.

போகிறவர்களுக்கு: கிழமையில் எந்த நாள் என்று முதலில் போனில் கேளுங்கள், காலையில் வெள்ளன போங்கள், பிந்தினால் வாங்கில் இடமில்லை. பரிசோதனை முடிவை வாங்க இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள், உங்கள் பெயரைச் சொல்லி அவர்களால் தேட முடியாது. கொண்டம் கிழிந்தது, ஊசி குத்தியது, அல்லது உங்கள் விருப்பமில்லாமல் ஏதும் நடந்தது என்றால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு வெள்ளனவோ அவ்வளவு நல்லது.