ஐஐடி டெல்லி மாணவர்கள் தொடங்கிவைத்த ஸ்மார்ட்கேன்: ஒரு மதிப்பீடு

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வெண்கோல் தரையில் கிடக்கும் கல்லையும், படியையும், பள்ளத்தையும் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். முழங்காலுக்கு மேலே இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. டெல்லித் தெருக்களில் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. நடைபாதையை ஒட்டி நிற்கும் லாரியின் அடியில் கோல் தடையில்லாமல் நுழைந்துவிட, அதை நம்பி ஓரடி எடுத்து வைப்பவரின் நெற்றி பின்பலகையில் போய் மோதும். தாழ்ந்த வேப்பங்கிளையும் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் ஏசி பெட்டியும் இப்படித்தான் காயப்படுத்துகின்றன. ஐஐடி டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன் இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவி. கிளாக்கோமா என்னும் கண் நோயால் பார்வையை இழந்து, டெல்லி முனிர்க்காவில் எங்களோடு வசிக்கும் என் சித்தப்பா அதைத்தான் பயன்படுத்துகிறார். அவர் நடப்பதை அருகிலிருந்து பார்த்ததையும், அவர் சொன்னதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

வழக்கமான மடக்குக் கோலின் மேற்பகுதியில் கைப்பிடியாகப் பொருத்திக்கொள்ளும் கருவி இது. அதிலிருந்து கிளம்பும், காதுக்குக் கேட்காத மீயொலி அலைகள் எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. மூன்று மீட்டர் தொலைவுக்குப் போய்வர ஒலிக்கு ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது என்பதால், எச்சரிக்கை உடனுக்குடன் கிடைத்துவிடுகிறது. அந்த எச்சரிக்கை ஒலியாக வராமல் கைப்பிடியின் அதிர்வாக வருவதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆட்டோவின் ஹாரன், பின்னால் வருபவரின் காலடி, தெரு திரும்பும் இடத்தில் மாறும் காற்றின் ஓசை ஆகியவற்றைக் கேட்டுத்தான் பார்வையற்றவர் வழி அறிகிறார். அந்தக் காதை இன்னொரு சத்தத்தால் நிரப்பினால் உதவியே இடையூறாகிவிடும். தடை நெருங்க நெருங்க அதிர்வின் தன்மை மாறுவதால், எதிரே ஏதோ இருக்கிறது என்பதோடு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் கைக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளும் நெரிசலான இடங்களிலும் 1.8 மீட்டர் வரை உணரும் நிலையையும், திறந்த வெளியில் 3 மீட்டர் வரை உணரும் நிலையையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சித்தப்பா இதைப் பற்றிச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "முன்னெல்லாம் மூஞ்சியில எதுவும் இடிச்சிடக் கூடாதுன்னு இடது கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடப்பேன்மா. இப்போ அந்தக் கையில காய்கறிப் பை பிடிக்க முடியுது." எனக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்தக் கருவியின் தொடக்கம் 2005ஆம் ஆண்டில் இளநிலைப் பொறியியல் மாணவர்கள் செய்த ஒரு திட்டப்பணி. கணினி அறிவியல் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டுதலில் அதில் ஈடுபட்டவர்களில் ரோஹன் பால் முக்கியமானவர். மதிப்பெண் வாங்கியதும் அலமாரிக்குள் போய்விடுகிற எத்தனையோ திட்டப்பணிகளில் ஒன்றாக இதுவும் முடிந்திருக்கக்கூடும். ஆனால் பார்வையற்றவர்களுக்காகச் செயல்படும் டெல்லியின் சக்ஷம் அறக்கட்டளையோடு இணைந்து, பார்வையற்றவர்களின் கையிலேயே கொடுத்துச் சோதித்து, அவர்கள் சொன்னபடி திருத்தி, மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் அளித்த உதவியோடு அதை ஒரு விற்பனைப் பொருளாக்கினார்கள். உற்பத்திப் பொறுப்பை ஏற்றது சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். 2014இல் கருவி வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 3,000 ரூபாய்தான். இதே வேலையைச் செய்யும் பிரிட்டனின் அல்ட்ராகேனை வாங்க அப்போது அதைப்போல் பல மடங்கு செலவாகும். டெல்லித் தமிழர்களான நாம் தமிழ்ச் சங்கத்திலோ மலை மந்திர் முருகன் கோயிலிலோ சந்தித்துக்கொள்ளும்போது ஐஐடியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ரேங்கிலும் சம்பளத்திலும் நின்றுவிடுகிறது. ஒரு வகுப்பு வேலையை ஒன்பது ஆண்டுகள் விடாமல் கொண்டுபோய், சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் சேர்த்ததைச் சாதனை என்று நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஸ்மார்ட்கேன் வெண்கோலுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. திறந்து கிடக்கும் சாக்கடையையும் இறங்கு படியையும் முன்போலவே கோலின் முனைதான் கண்டுபிடிக்கும். கைப்பிடி சற்றுத் திரும்பினாலும் அலைகள் வேறு திசையில் போய்விடும் என்பதால், பிடிக்கும் முறையை நடைப் பயிற்சி ஆசிரியர் ஒருவரிடம் கற்றுக்கொள்வது அவசியம். கிருத்திகையன்று கோயிலில் இருப்பதுபோன்ற கூட்டத்தில் நீண்ட தூர நிலை ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். குறுகிய தூர நிலைதான் அங்கே பொருந்தும். செல்போனைப் போல இதையும் சார்ஜ் செய்ய நினைவு வைத்திருக்க வேண்டும்.

தனியாக வெளியே போய்வரும் பழக்கமும் வெண்கோலில் தேர்ச்சியும் உள்ளவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பார்வையைப் புதிதாக இழந்தவர் முதலில் சாதாரணக் கோலில் நன்றாகப் பழகிவிட்டுப் பிறகு இதற்கு வருவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏடிப் (ADIP) திட்டத்தின் கீழும் ஸ்மார்ட் கோல்கள் வழங்கப்படுவதால், வருமானம் குறைந்த குடும்பங்கள் கடையில் பணம் கட்டுவதற்கு முன் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு அதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம்.