டேஷ்கேமுக்கு நேரடி வயரிங்: எர்த், எலி, எப்போதாவது ஓடும் கார்

காவிரி டெல்டாவில் கார் ஓட்டுபவர்களுக்கு வாய்க்கால் பாலங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பாலம் அப்படியே நிற்கும். அதை அணைத்து வரும் சாலை மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கும். மன்னார்குடியிலிருந்து வடுவூர் வழியாகத் தஞ்சைக்குப் போவதற்குள் எத்தனை குலுக்கல்! சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த என் டேஷ்கேம், அதாவது முன்னால் நடப்பதைப் பதிவு செய்யும் கார் கேமரா, அவற்றில் பாதிக்கு அணைந்து, மறுபடி எழுந்து, வணக்கம் சொல்லும். எழுந்துகொள்ளும் அந்தச் சில விநாடிகளில் எதுவும் பதிவாகாது. பாலத்தில் ஏறும் இடத்தில்தான் எதிரே வருபவரும் ஏறுவார் என்பதால், பதிவு வேண்டிய இடமும் அதுதான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாலும் இதே கதை.

அதனால் கேமராவை காரின் ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே நேரடியாக வயரிங் செய்துகொண்டேன். குறுவை, சம்பா, மழை, கோடை எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது.

இதற்கென விற்கும் ஹார்ட்வயர் கிட்டில் ஒரு சிறு பெட்டியும் மூன்று வயர்களும் இருக்கும். பெட்டியின் வேலை 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தருவது. என்னுடையதில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்குப் போகிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஏசிசி ஃபியூஸுக்கு. கறுப்பு, காரின் உடம்புக்கு, அதாவது எர்த். நிறங்கள் கிட்டுக்குக் கிட்டு மாறலாம், வயரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் நம்ப வேண்டும். சிவப்பில் மின்சாரம் நின்றால் கார் நிற்கிறது என்று கேமரா புரிந்துகொண்டு பார்க்கிங் பதிவுக்கு மாறும். மஞ்சளில் மின்சாரம் இருப்பதால் அணையாது.

எங்கள் ஊரில் வண்டி வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் செய்து கொடுத்தார். முதலில் அவர் எடுத்தது பழைய வழியை: ஃபியூஸைப் பிடுங்கி, அதன் ஒரு காலில் வயரின் செம்பு இழைகளைச் சுற்றி, மறுபடி அழுத்திச் செருகுவது. “முப்பது வருடமாக இப்படித்தான் தம்பி செய்கிறேன், ஒன்றும் ஆனதில்லை” என்றார். நான் வாங்கி வைத்திருந்த ஃபியூஸ் டேப்பைக் கொடுத்தேன். காரின் ஃபியூஸ் இருந்த துளையில் இந்த டேப்பைச் செருக வேண்டும். பழைய ஃபியூஸ் அதன் ஒரு பள்ளத்திலும், கேமராவுக்கான 2 ஆம்பியர் ஃபியூஸ் இன்னொரு பள்ளத்திலும் உட்காரும். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது படித்தவன் செய்த வேலை” என்று ஒப்புக்கொண்டார்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டேப்பின் இரண்டு கால்களில் ஒன்று இரு ஃபியூஸ்களுக்கும் பொதுவானது. அந்தக் கால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மாற்றிச் செருகினாலும் கேமரா ஓடும். ஆனால் அதன் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய், அதன் மேல் கூடுதல் சுமையாகும். ஃபியூஸை எடுத்துவிட்டு இரண்டு துளைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் உயிர் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ் பக்கமே போகக் கூடாது. உள்விளக்கு, லைட்டர் துளை போன்றவை போதும். கேமரா வயரை முன்கண்ணாடித் தூணுக்குள் இறக்கும்போதும், அங்கே திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடிமேல் திரைபோல விரிவது) இருந்தால் வயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால், ஏர்பேக் விரியும்போது வயர் குறுக்கே நிற்கும்.

இனி பேட்டரி. கிட் விற்பவர்கள் “24 மணி நேரக் காவல்” என்று அட்டையில் அச்சடிக்கிறார்கள். அந்தக் காவலுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று அச்சடிப்பதில்லை. பார்க்கிங் பதிவில் கேமரா கால் ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரியே பெரும்பாலும் 35 ஆம்பியர் மணிதான். மூன்று நாள் கார் கொட்டகையில் நின்றால் பாதிக்கு மேல் காலி. கார் பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது. அடிவரை இறக்கி ஏற்றினால் சீக்கிரம் சாகும்.

இதற்காகத்தான் கிட்டில் மின்னழுத்தம் குறைந்தால் துண்டிக்கும் வசதி இருக்கிறது. என்னுடையது கடையிலிருந்து வரும்போது 11.8 வோல்ட்டில் இருந்தது. காரின் சாதாரண ஈய பேட்டரி முழுதாக ஏறி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0 என்றால் கால்வாசி. அப்படியிருக்க 11.8-இல் துண்டிப்பது, நெல்லெல்லாம் போன பிறகு களஞ்சியத்துக்குப் பூட்டுப் போடுவதுதான். ஸ்விட்சை 12.2-க்கு மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு காலையில் கார் கிளம்ப மறுத்ததில்லை. காவல் எல்லா நாளும் விடிய விடிய நீடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் குட்டிப் பயணமாகவே ஓட்டும் வாரங்களில் பேட்டரி முழுதாக ஏறுவதில்லை. கேமரா நள்ளிரவுக்கு முன்பே தூங்கிவிடுகிறது. தஞ்சைக்குப் போய் வந்த நாட்களில் விடியும் வரை விழித்திருக்கிறது.

எர்த்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாமனார் வீடு வேளாங்கண்ணியில், கடலுக்குக் கிட்டத்தில். விடுமுறைகளில் கார் உப்புக் காற்றில்தான் நிற்கும். ஒரு மழைக் காலத்தில் கேமரா காரணமில்லாமல் அணைய ஆரம்பித்தது. ஃபியூஸ்கள் நன்றாக இருந்தன. காலடிப் பலகையைக் கழற்றினால், எர்த் போல்ட்டில் மாட்டியிருந்த செம்பு லக்கில் (வயர் முனையில் இருக்கும் வளையம்) பச்சைக் களிம்பு பூத்திருந்தது, போல்ட்டின் கழுத்தில் துரு. உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, ஈயம் பூசிய லக் போட்டு, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினோம். கோளாறு போயிற்று. பெயின்ட் அடித்த போல்ட்டில் எர்த் எடுத்துவிட்டு கேமராவைத் திட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உப்பெல்லாம் எலிக்கு முன்னால் ஒன்றுமில்லை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடினால், வயல் எலிகள் வீட்டுப் பக்கம் குடிவருகின்றன. எங்கள் வீட்டில் வைக்கோல் போரை ஒட்டித்தான் கார் கொட்டகை. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு வைத்தால் எலி வராது என்று ஊரில் சொல்வார்கள். வைத்தேன். புகையிலைக்கு ஒரு சாண் தள்ளி வைக்கோல் துரும்பும் துணிக் கிழிசலும் வைத்து ஒரு குடும்பம் கூடு கட்டியிருந்தது. காருக்குள்ளும் வந்து, ஃபியூஸ் பாக்ஸுக்குக் கீழே தொங்கிய மஞ்சள் வயரைச் செம்பு தெரியக் கடித்துவிட்டது. அந்த இடம் பாடி தகட்டில் பட்டு 2 ஆம்பியர் ஃபியூஸ் போயிற்று. அவ்வளவுதான், காரில் வேறெதுவும் நிற்கவில்லை. இதுவே ஃபியூஸ் காலில் சுற்றிய வயராக, அதுவும் உயிர் வரும் பக்கத்தில் சுற்றியதாக இருந்திருந்தால், இடையில் தடுக்கத் தனி ஃபியூஸ் இருந்திருக்காது. வயர் சிவந்து, பற்றியிருக்கலாம். கடித்த வயரை அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். இப்போது வேறு வண்டிகளுக்கும் டேப்தான் போடுகிறார் என்று கேள்வி.

வயரைச் சுருள் ஸ்லீவுக்குள் விட்டு, தொங்காமல் இழுத்துக் கட்டியிருக்கிறோம். வைக்கோல் போரைக் கொட்டகையிலிருந்து தள்ளிப் போட வைத்தோம். பலன் தந்தது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனை பாடுபட்டுப் பதிவானது என்ன? பெரும்பாலும் ஆடுகள். கொட்டகை நிறைந்திருந்தால் காரைப் புங்க மரத்தடியில் விடுவேன். தாழ்ந்த கிளைக்காக முன்னங்கால்களை பானெட்டில் ஊன்றி ஆடு எழும்போதெல்லாம், மோதல் நடந்துவிட்டதாகக் கேமரா எண்ணி அந்தத் துண்டைப் பூட்டிவைக்கும். பூட்டிய கோப்புகள் தானாக அழிவதில்லை. மெமரி கார்டு ஆடுகளால் நிரம்பியது. அதிர்வு உணரியைக் குறைந்த அளவுக்கு இறக்கிய பிறகு சரியாயிற்று.

ஒரு தடவை உருப்படியாகவும் உதவியது. நெல் கொள்முதல் நிலைய வாசலில் வரிசையில் நின்ற ஒரு லாரி பின்னோக்கி வந்து பம்பரைத் தட்டியது. ஓட்டுநர் மறுத்தார், படத்தைக் காட்டினேன், அங்கேயே பேசி முடித்தோம். வழக்கென்று போனால் படம் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் இணைக்க வேண்டும். இரவுப் பதிவில், எதிர் வண்டியின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் நம்பர் பலகை படிக்கக் கிடைப்பது அபூர்வம்.

அக்கினி நட்சத்திர வெயிலைக் கேமரா தாங்கியதற்கு, உள்ளே லித்தியம் பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் பாகம்) இருப்பது காரணம். வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

என் சித்தப்பா காரை வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்கு எடுத்தால் உண்டு. அவர் கேட்டபோது பார்க்கிங் பதிவே வேண்டாம் என்றேன். அப்படிப்பட்ட காருக்கு ஏசிசி இணைப்பும் எர்த்தும் போதும். அவருடைய கிட்டும் என்னுடையதைப் போலவே, சிவப்பை மட்டும் கொடுத்தால் உயிர் பெறாதது. அதனால் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஏசிசி ஃபியூஸ் டேப்பிலேயே கொடுத்திருக்கிறோம். சாவியை எடுத்ததும் கேமரா அணைகிறது, சித்தப்பாவின் பேட்டரி அப்படியே இருக்கிறது.