டைப்-சி என்று சொல்லி எனக்கு விற்ற ஹார்ட் டிஸ்க்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகக் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு 2 டிபி டிஸ்க் ஒன்று தேவைப்பட்டது. பழைய டிஸ்க்கில் இருந்தது அந்த அகலமான யுஎஸ்பி 3.0 பின், நடுவில் ஒரு வெட்டு இருக்குமே, அது. லூசாகி, கை பட்டாலே கனெக்‌ஷன் விட்டுப் போனது. கும்பகோணத்தில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். "அந்தப் பின்னெல்லாம் பழசு சார். இது டைப்-சி. லேட்டஸ்ட். தண்டர்போல்ட் ஸ்பீடு வரும், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். பில் கேட்டதற்கு, "பில் இல்லாம எடுத்துக்கிட்டா ஐந்நூறு குறைச்சுக்கிறேன்" என்றார். நானும் சரி என்று விட்டேன்.

அடுத்த வாரம் நீடாமங்கலத்தில் கல்யாணம். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும், இரவு மண்டபத்து மாடியில் உட்கார்ந்து இரண்டு 128 ஜிபி கார்டுகளையும் காப்பி போட்டேன். இதே லேப்டாப், இதே கார்டு ரீடரில் வழக்கமாக நொடிக்கு 90 எம்பி வரும். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு 34-க்கு மேல் ஏறவே இல்லை. கோடு நகர்வதைப் பார்த்தபடியே இரண்டு மணி நேரம் விழித்திருந்தேன். காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். கார்டு காலியாக வேண்டும். காப்பி முடிந்தது என்று வந்ததும் இரண்டையும் ஃபார்மேட் செய்து கேமராவில் போட்டேன்.

நான் செய்த பெரிய தவறு அதுதான். காப்பியான ஃபைல்களில் ஒன்றிரண்டையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து டிஸ்க்கைத் திறந்தால் ஊஞ்சல் எடுத்த ஃபோல்டர் மட்டும் ஓடவில்லை. ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தொட்டால் டிஸ்க் கிட்கிட் என்று சத்தம் போட்டு அப்படியே நின்றுவிடுகிறது. கார்டிலிருந்து மீட்கலாம் என்றால், அதன் மேல் மறுநாள் தாலி கட்டு முழுக்கப் பதிவாகிவிட்டது.

முதலில் கேபிள்தான் சரியில்லை என்று நினைத்தேன். நண்பர் ஒருவரிடம் நல்ல கேபிள் வாங்கிப் போட்டேன். அப்போதும் 34-தான். அப்புறம் அவருடைய மேக் கம்ப்யூட்டரில் செருகி, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யுஎஸ்பி பகுதியைத் திறந்து காட்டினார். வேகம் நொடிக்கு 480 மெகாபிட் என்று இருந்தது. எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி, அதனால் கணக்குப்படியே 60 எம்பிக்கு மேல் போகாது. அதாவது யுஎஸ்பி 2.0, 2000-ஆம் ஆண்டில் வந்த தரம். வெளியே டைப்-சி வாய், உள்ளே 2.0 சர்க்யூட் போர்டு.

டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான், வேகம் இல்லை. ஒரே வாயில் 2.0-வும் ஓடும், 5 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் என்றால் ஆயிரம் மெகாபிட்) 3.0-வும் ஓடும், 10 ஜிகாபிட்டும் ஓடும், 40 ஜிகாபிட் தண்டர்போல்ட்டும் ஓடும். போன் சார்ஜருடன் வரும் சி கேபிள்கள் பெரும்பாலும் 2.0-தான். பழசு என்று அவர் தள்ளிவிட்ட அந்த அகலமான பின் 5 ஜிகாபிட். நான் லேட்டஸ்ட் என்று நம்பி வாங்கியது அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. டிஸ்க் ஓடிய நேரம் 14,260 மணி. ஒன்றரை வருடத்துக்கு மேல் இராப்பகலாக எங்கேயோ ஓடிய டிஸ்க். பழைய லேப்டாப் ஒன்றிலிருந்து கழற்றிப் புதுப் பெட்டியில் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். "உங்க லேப்டாப்தான் ஸ்லோ சார்" என்றார். டிஸ்க் ஓடிய நேரத்தைக் காட்டியதும், "இது நம்ம கடையில வாங்கினதுன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். என்னிடம் பில் இல்லை. அதனால்தான் இங்கேயும் கடைப் பெயரைப் போட முடியவில்லை. பில் மட்டும் இருந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டிருப்பேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருப்பேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்நூறு ரூபாய்க்காக அதையெல்லாம் விட்டுக் கொடுத்துவிட்டேன்.

சுழலும் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு 5 ஜிகாபிட் தாராளம். அந்த டிஸ்க்கே நொடிக்கு 100-லிருந்து 140 எம்பி வரைதான் தரும். அதற்குத் தண்டர்போல்ட் என்று கூடுதலாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எஸ்எஸ்டி, அதாவது சுழலாமல் சிப்பில் பதியும் வேகமான டிஸ்க் என்றால்தான் 10 ஜிகாபிட்டுக்கு அர்த்தம் உண்டு. பெட்டியில் 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று எது போட்டிருந்தாலும் மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான், பெயரை மட்டும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். வெறும் டைப்-சி என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், உள்ளே நீலமாக இருக்கும் 3.0 போர்ட்டில் செருகி, கடையிலேயே 10 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி போடுங்கள். முதல் சில நொடிகள் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். ஒன்றரை இரண்டு நிமிடத்தில் முடிந்தால் சரி. ஐந்து நிமிடம் இழுத்தால் அது 2.0. டிஸ்க் ஓடிய நேரத்தையும் அங்கேயே பாருங்கள், புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். காப்பி போட்டதைத் திறந்து பார்க்காமல் எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

பெண்ணின் அம்மா இரண்டு தடவை போன் செய்து, ஊஞ்சலில் அவருடைய மாமியார் பாடினதை மட்டும் முதலில் அனுப்பச் சொன்னார். எடிட்டிங்கில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன்.